ஆக்லாந்து போய்ச் சேரும் வரை

“சுகன்யா, பிளேன் இப்ப எங்கன போவுது?”

“ஆஸ்திரேலியாவத் தாண்டிட்டு அத்தை. இனி கொஞ்சம் கடல்தான்.”

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சுகன்யாவிடம் காலையிலிருந்து இதே கேள்விதான். டிராக்டர் மெக்கானிக் பூதத்தானின் மனைவி இசக்கியம்மா, விமானத்தின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடை திறக்கும்போதே வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் வரைபடத்தில் குட்டி மஞ்சள் விமானம் ஒன்று எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தது.

“தோஹாவுல இருந்து ஆக்லாந்து பதினாலாயிரத்து ஐநூறு கிலோமீட்டர். பதினாறு மணி நேரம். நம்ம நேரத்துக்கு ராத்திரி மூணுக்குக் கெளம்புனது சாயங்காலம் ஏழுக்குத்தான் எறங்கும். வீட்டுக்குப் போயிட்டு வாங்க” என்று சுகன்யா அப்போதே சொல்லிப் பார்த்தாள்.

இசக்கியம்மா அசையவில்லை. விமானம் தரையைத் தொடும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று வைராக்கியம் வேறு.

பக்கத்து டீக்கடை பாபநாசம் கிளாஸோடு வந்தார். “மயினி, ஒரு வாய் குடிங்க. ஒங்க மவ நித்யா அங்க கோழிக்கறி தின்னுட்டுப் போர்த்திப் படுத்திருப்பா. நீங்க எதுக்குப் பட்டினி?”

“படுக்கட்டும் அண்ணாச்சி. பிள்ள நல்லாத் தூங்கட்டும்.”

“சன்னலோரம் சீட்டு கெடச்சுதாமா?”

இசக்கியம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கேட்டியா சுகன்யா” என்று பாபநாசம் இந்தப் பக்கம் திரும்பினார். “பூதத்தான் டிராக்டர் ரிப்பேர் பார்த்து அனுப்புனா, அது ஊர் போய்ச் சேந்துட்டுன்னு போன் வார வரைக்கும் புருசனும் பொண்டாட்டியும் கையை நனைக்க மாட்டாவ. டிராக்டர் கல்லிடைக்குறிச்சி போக அரை மணி நேரம். மவ போறது ஆக்லாந்துல்லா! தாங்குமா?”

“தாங்கும்” என்றாள் இசக்கியம்மா.

ஆறே முக்காலுக்கு விமானம் ஆக்லாந்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டது.

“ஏன் தாயி சுத்துது? ஏதும் கோளாறா?” இசக்கியம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

“எடம் கெடைக்கணும்லா அத்தை. நம்ம பஸ்ஸும்தான் ஸ்டாண்டுக்கு வெளிய நிக்குது.”

தைரியம் சொன்ன சுகன்யாவே திரையோடு ஒட்டிக்கொண்டாள். அவள் மத்தியானம் வாங்கிய வடை தொடாமல் அப்படியே கிடந்தது. ஆதார் நகல் எடுக்க வந்தவர்கூட நகலை மறந்து திரையையே பார்த்தார்.

ஏழு அடித்து நாலு நிமிடம். குட்டி விமானம் நின்றது.

“எறங்கிட்டு அத்தை!”

இசக்கியம்மா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, போனை எடுத்து மகளை வீடியோவில் அழைத்தாள்.

“கொஞ்சம் பொறுங்க. பிளேனை விட்டு எறங்குனாத்தான் போனை எடுப்பா” என்றாள் சுகன்யா.

இரண்டாவது மணியிலேயே நித்யா எடுத்தாள். தலையணையில் முகம், கலைந்த முடி, பின்னால் தோஹா விடுதி அறையின் இரட்டைக் கட்டில்.

“ஏட்டி, எந்திரி! நீ ரிப்பேர் பார்த்து, ஒத்தையில கையெழுத்துப் போட்டு அனுப்புன மொதப் பிளேன் பத்திரமாப் போய்ச் சேந்துட்டு” என்றாள் இசக்கியம்மா. “போனை வையி, பட்டறையில ஒங்கப்பாவும் காலையில இருந்து பட்டினி.”