தயங்காத டிவி

எக்ஸ்சேஞ்சில் போகக் காத்திருந்த பழைய டிவிக்கு வீடியோ கேமுக்குள் இருக்கும் சனங்களை நினைத்துத்தான் கவலை. தன் இடத்துக்கு வந்திருந்த புது டிவியிடம் சொன்னது:

"கன்ட்ரோலர் சுடச் சொன்னாலும் நான் கொஞ்சம் தயங்குவேன் தம்பி. அதுக்குள்ள நாலு பேர் சுவருக்குப் பின்னால ஓடிப் பொழச்சுக்குவாங்க. நீயும் பாத்து நடந்துக்க."

புது டிவி சிரித்தது. "அந்தத் தயக்கத்துக்குத்தானே, பெரிசு, உன்னை வெளிய தள்ளுறாங்க! நம்ம முதலாளி கடையில என்னை எடுத்ததே வேகத்தைப் பாத்துத்தான். யோசிக்கிறது என் வேலை இல்ல."

முதலாளி ஆட்டத்தைப் போட்டார். கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

திரையில் துப்பாக்கி வெடித்தது. கைதூக்கி நின்றவர்கள் வரிசையாகச் சரிந்தார்கள். புது டிவி பெருமையோடு கீழே பார்த்தது.

மேசைமேல் தனியே கிடந்த கன்ட்ரோலர் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நான் இன்னும் சொல்லவே இல்லையேடா," என்றது.