தலைமாட்டுப் பெட்டி

"நாள் பூரா படுத்தே கிடந்தா எப்படிம்மா? எழுந்து நாலு எட்டு நடக்கச் சொல்லுங்க உங்க மகாராஜாவை!"

போனில் நர்ஸ் போட்ட சத்தம் பக்கத்து வார்டு வரை கேட்டது. பேஸ்மேக்கர் பிரிவில் அவள் வைத்ததுதான் சட்டம். நெஞ்சுக்குள் கருவி வைத்துக்கொண்ட அத்தனை பேர் வீட்டுச் சங்கதியும் இன்டர்நெட் வழியாக அவள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். யார் மூச்சிரைக்க மாடியேறினார், யார் டாக்டருக்குத் தெரியாமல் பந்து விளையாடினார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இந்த மனிதர் மட்டும் கொஞ்ச நாளாக ஆளையே காணோம். நேற்று இரவுதான் அவர் கட்டில் தலைமாட்டில், பக்கத்திலிருக்கும் கருவியின் சங்கதியை வாங்கி அனுப்பும் பெட்டி மறுபடி தகவல் அனுப்பியது. அனுப்பியதோ சிவப்பு எச்சரிக்கை. கருவி ஓடுகிறது, ஆனால் அதன் வயர் இதயத்தைத் தொடவில்லை. உடம்பின் அசைவைக் காட்டும் கோடும் தரையோடு தரையாகக் கிடந்தது.

"இத்தனை நாள் எங்க போயிருந்தீங்க?"

"மக வீட்டுக்கு, சிஸ்டர்," என்றாள் அவர் மனைவி. "நேத்து வந்ததும் பெட்டியைப் போட்டேன். பச்சை லைட் எரிஞ்சுதே!"

"பச்சை லைட்டைக் கட்டிக்கிட்டு அழுங்க! வயர் விலகிக் கிடக்கு. உடனே வரலைன்னா இங்கிருந்தே இணைப்பை நிறுத்திடுவேன்."

அடம்பிடிப்பவர்களுக்கு அவள் காட்டும் பூச்சாண்டி அது. நிறுத்தவெல்லாம் மாட்டாள்.

"ஐயோ, அது மட்டும் வேண்டாம்! இதோ கிளம்பிட்டேன்."

நர்ஸுக்கு வாய்தான் நீளம், மனசு பஞ்சு. வீட்டுக்குக் கிளம்பிய டாக்டரைக் கெஞ்சி உட்காரவைத்தாள். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

டாக்சியிலிருந்து மனைவி மட்டும் இறங்கினாள்.

"அவர் எங்கம்மா? இன்னைக்கும் டிமிக்கியா?"

அவள் கைப்பையைத் திறந்து ஆண்கள் கைக்குட்டை ஒன்றை எடுத்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாமல் மெதுவாகப் பிரித்தாள். உள்ளே, வெட்டப்பட்ட வயர் நுனிகளோடு பேஸ்மேக்கர்.

"எரிக்கறதுக்கு முன்னாடி எடுத்துக் கையில கொடுத்தாங்க, சிஸ்டர். நேத்து ராத்திரி அவர் தலையணையில வெச்சேன்."

நர்ஸின் கை நாற்காலிப் பிடியை விடவே இல்லை.

"பச்சை லைட் எரிஞ்சுது சிஸ்டர்... நிறுத்திடாதீங்க."