முழு அளவு

இந்த முறை புற்றுநோய் மருந்தைப் பாதியாகக் குறைத்திருப்பதாக நர்ஸ் சொன்னதும் சங்கிலிமுத்து கையை இழுத்துக்கொண்டார். ரேஷன் கடையில் எடை போட்டே ஓய்வு பெற்றவர்.

"மீதிப் பாதி எங்க போச்சு? போடுற கை எப்படி வேலை செய்யும்னு எனக்குத் தெரியாதா?"

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய மகள் தவமணிக்கு ரத்தம் கொதித்தது. இலவச வார்டு என்றால் அவ்வளவு இளக்காரமா? டாக்டரை வழிமறித்துக் கேட்டேவிட்டாள்.

"போன தடவை முழுசாத்தாம்மா குடுத்தோம். கட்டியும் அடி வாங்குச்சு, கட்டியோட சண்டை போடுற அப்பாவோட வெள்ளை அணுக்களும் செத்துப்போச்சு. அளவாக் குடுத்தா, மருந்து கொஞ்சம் அடிக்கும், மிச்சத்தை அவர் உடம்பே அடிக்கும்."

திட்டுவதற்கென்று சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் தவமணி கட்டிலுக்குத் திரும்பினாள்.

"குறைச்சுப் போட்டாத்தான் உடம்புக்கு நல்லதாம்ப்பா."

சங்கிலிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதையேதான சீனி போடும்போது ஊருக்கே சொன்னேன். ஒருத்தனாவது நம்புனானா?"

"நீயாவது நம்பு. போட்டுக்காம வீட்டுக்குப் போனா கட்டிதான் வளரும். கையை நீட்டு."

முனகிக்கொண்டே நீட்டினார். மருந்து சொட்டத் தொடங்கியது. சற்று நேரத்தில் அவருடைய இன்னொரு கையின் சுண்டுவிரல், எடை கூட்டிக் காட்டத் தராசுத் தட்டை யாருக்கும் தெரியாமல் அழுத்திய பழைய பழக்கத்தில், கட்டில் விளிம்பை அழுத்த ஆரம்பித்தது. அழுத்துவது மருந்தின் தட்டையா, உடம்பின் தட்டையா என்று தவமணி கேட்கவில்லை. எதுவானாலும் கட்டிக்கு எதிராகத்தானே, நன்றாக அழுத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.