ஜெனுயின் வருத்தம்

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நாற்பது தையல் மெஷின்கள் கடகடக்கின்றன. இந்தப் பக்கம், மேனேஜரின் மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாள் ஃபேன் காற்றில் படபடக்கிறது. பறக்காமலிருக்கப் பேனாவை மேலே வைத்திருக்கிறார். பைகளுக்கு லேபிள் தைக்கிறவள் எதிரே நிற்கிறாள். உட்காரச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நேற்று பக்கத்து மெஷின்காரியின் சட்டைக்கை பெல்ட்டில் மாட்டியதும், யாரையும் கேட்காமல் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்து எல்லா மெஷினையும் நிறுத்தினாளே, அதற்குத்தான் இந்த மன்னிப்புக் கடிதம். இங்கிலீஷில் அடித்து வைத்திருக்கிறார்கள். அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. “போட்டுட்டு வேலையப் பாரும்மா. இல்லேன்னா நாளைலேருந்து வராத.”

அவளுக்கு இங்கிலீஷ் வராது. ஆனாலும் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல் வரிகள்மேல் ஊர்ந்துபோய், மூன்றாவது வரியில் சட்டென்று நிற்கிறது. “இந்த வார்த்தைய எனக்குத் தெரியும் சார். ஜெனுயின். தினம் நானூறு தடவ தைக்கிறேனே.” “ஆமா, ஜெனுயினா வருத்தப்படுறேன்னு போட்டிருக்கு. அதுக்கென்ன இப்ப?” பேனாவை எடுக்கிறாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும், தாள் கிழியாத குறையாக அடிக்கிறாள். பிறகு ஏப்ரன் பையைத் துழாவி, ‘ஜெனுயின் லெதர்’ என்று தங்க நூலில் மின்னும் லேபிள் ஒன்றை எடுத்து, அடித்த இடத்தின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறாள். கையெழுத்துப் போடுகிற இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது.

“இதை ஒட்டிக்குங்க சார். இதைத் தைச்சா ரெக்சின் பையே தோல் பையாயிடுது. பேப்பர்ல ஒட்டினா எனக்கு வருத்தமும் வந்துடும்.”