தெரியாது என்றவள்

"மரியாவுக்கு என்னைத் தெரியாதாம்!"

ஐவி கம்ப்யூட்டர் திரையை மறுபடி படித்தாள். ஆங்கிலத்தில் ஒரே வரி. 'இவரைத் தனக்குத் தெரியாது என்று உறுப்பினர் பதில் அளித்துள்ளார்.'

பிரௌசிங் சென்டர் நடத்தும் வைஷாலி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு மேடம் இந்த மரியா?"

"என்கூட நர்சிங் படிச்சவ. இதே மைசூர்ல ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஹாஸ்டல் ரூம். எனக்கு டைபாய்டு வந்தப்போ லீவு போட்டுக் கஞ்சி ஊட்டினவ. கல்ஃபுக்குப் போனதும் மறந்துட்டா!"

நர்சுகளுக்கென்றே அந்த வெப்சைட் புதிதாக வந்திருந்தது. படிப்பு, அனுபவம் எல்லாம் பதிந்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஒரு நர்ஸைத் தெரிந்தவர் என்று காட்ட வேண்டும். அவர் 'தெரியும்' என்று அழுத்தினால் போதும், அவர் வேலை செய்யும் இடத்திலிருந்தே அழைப்பு வந்துவிடும்.

மரியாவின் பக்கத்தில் வெள்ளை யூனிஃபார்மில் அவள் சிரிக்கும் போட்டோ இருந்தது. 'இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று அடியில் ஒரு வாசகம்.

"நீங்க என்ன எழுதி அனுப்பினீங்க?"

"'ஏய் மரி, எனக்கும் அங்கே ஒரு வேலை பாருடி'ன்னு."

வைஷாலி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, பேடா மேடம், அப்படியெல்லாம் வேண்டாம். இது வேலை விஷயமான சைட். அவங்க ஆபீஸ்ல நாலு பேர் பார்ப்பாங்க. 'ஏய்', 'டி' எல்லாம் போட்டா அவங்களுக்கு மரியாதையா இருக்குமா? எடுத்ததும் வேலை கேட்கவும் கூடாது. முதல்ல நலம் விசாரிக்கணும், அப்புறம் உங்க அனுபவத்தைச் சொல்லணும்."

ஐவிக்கு அதில் நியாயம் தெரிந்தது. இருவருமாக உட்கார்ந்து, 'மதிப்பிற்குரிய சிஸ்டர் மரியா அவர்களுக்கு' என்று தொடங்கி, இங்கிதமாக ஒரு கடிதம் தயார் செய்தார்கள். அனுப்பும்போது ஐவிக்குச் சிரிப்பு வந்தது. தன் தட்டிலிருந்து முட்டையைத் திருடித் தின்றவளுக்கு 'மதிப்பிற்குரிய'!

அடுத்த வாரம் பதில் வந்திருந்தது. அதே வரி. தெரியாது.

ஐவிக்குக் கோபத்தைவிடக் குடைச்சல்தான் அதிகம். ஏன்? நான் போனால் இவளுக்கு என்ன நஷ்டம்? டியூட்டியில் ஊசி போடும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த 'ஏன்' கூடவே வந்தது. பதில் கிடைக்காததால் அவளே ஒன்றை வைத்துக்கொண்டாள். திமிர். வார்டில் எல்லாரிடமும் அதைச் சொல்லியும் விட்டாள்.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வெளியே வரும்போது மரியாவின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐவி, நீ இன்டர்நெட் எல்லாம் பார்க்கிறியாமே. மரியா ஏதாவது எழுதினாளாம்மா? எனக்கு லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு. நல்ல வேலை, நேரம் இருக்காதுன்னு நானே சமாதானம் சொல்லிக்கிறேன்."

ஐவி அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

"எழுதறதா? என்னை யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டாம்மா! ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. போட்டோவுல நல்லா சிரிச்சுட்டுத்தான் இருக்கா உங்க பொண்ணு."

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. திரும்பி மறுபடி சர்ச்சுக்குள்ளேயே போய்விட்டார். பண்டிகை நாளில் சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஐவிக்கு உறுத்தியது. ஆனால் சொன்னது பொய்யில்லையே.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சின் கடைசி பெஞ்சில் மரியா உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ஐவிக்கு அடையாளமே தெரியவில்லை. பாதியாக இளைத்திருந்தாள். பார்க்காத மாதிரிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அந்த 'ஏன்' விடவில்லை.

"என்ன சிஸ்டர், என்னைத் தெரியுதா?"

மரியா நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று ஐவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்த உள்ளங்கைகள் வெடித்துச் சொரசொரவென்று இருந்தன. மருந்து தொடும் கைகள் போலவே இல்லை.

"அது ஆஸ்பத்திரியே இல்லடி. நர்ஸ்னு கூட்டிட்டுப் போய், வீடு வீடா கக்கூஸ் கழுவ விட்டாங்க. கூட்டிட்டுப் போன ஏஜென்ட் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டான். எழுதின லெட்டர் ஒண்ணையும் போஸ்ட் பண்ணல. அந்த வெப்சைட்டே அவனோடதுதான். எங்க போட்டோவைப் போட்டு, எங்க சிநேகிதிகளையெல்லாம் இழுக்கப் பார்த்தான்."

ஐவி அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உன் பேர் வந்தப்போ என் பின்னாடியே நின்னான். 'இவளைத் தெரியுமா, நல்லா வேலை செய்வாளா?'ன்னு கேட்டான். 'யாருன்னே தெரியாது'ன்னேன். ரெண்டாவது தடவை மரியாதையா எழுதியிருந்தியே, அப்போ சிரிப்பை அடக்கறதுதான் கஷ்டமாயிருந்தது."

"ஐயோ மரி... நான் உன்னைப் பத்தி என்னவெல்லாமோ..." ஐவியால் முடிக்க முடியவில்லை. "எப்படிடி தப்பிச்சு வந்தே?"

"உன்னாலதான்."

"என்னாலயா?"

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு அம்மாகிட்ட சொன்னியாமே, நான் உன்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்னு. அம்மா நேரா ஃபாதர்கிட்ட ஓடியிருக்கா. அவர்தான் எம்பசிக்கு எழுதி, விடாம போன் பண்ணி, என்னை வெளியே கொண்டுவந்தார்."

"அம்மா ஃபாதர்கிட்ட என்னன்னு சொன்னாங்க?"

"'ஐவியைத் தெரியாதுன்னு என் மக சொல்றான்னா, அவ ஏதோ ஆபத்துல இருக்கா, ஃபாதர்'னு."