இரண்டாவது பெயர்

கணவர் இறந்த எட்டாவது மாதம் அவருடைய கணினியும் படுத்துவிட்டது. "டிஸ்க் செத்துடுச்சும்மா. ஒரு போட்டோகூட மீளல" என்ற மெக்கானிக், உறை பிரிக்காத புது டிஸ்க்கை அவள் கண்முன்னேயே பிரித்துப் பொருத்தினார். ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தானே ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். வீட்டில் பொழுது போக வேண்டுமே.

மறுநாள் மதியம் போன் செய்தாள். "அண்ணே, முப்பத்திரண்டு பிட்டா, அறுபத்துநாலா?"

"அறுபத்துநாலே போடுங்க. ஆனா லேட்டஸ்ட் வெர்ஷன் வேணாம், மெஷின் மூச்சு வாங்கும். அதுக்கு முந்தினது போதும்."

அப்படியே போட்டாள். பயனர் பெயர் கேட்டபோது தன் பெயரைக் கொடுத்தாள். கணினி அணைந்து மறுபடி எழுந்தபோது திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. கீழே இருந்தது கணவருடையது.

மறுபடி போன் செய்தாள். "கை தவறி அடிச்சிருப்பீங்க. அழிச்சிடுங்கம்மா" என்றார் மெக்கானிக்.

"சரிண்ணே" என்று வைத்துவிட்டு அந்தப் பெயரை அழுத்தினாள். கடவுச்சொல் கேட்டது. வாய்க்கு வந்த எதையோ தட்டினாள். தவறு என்றது. அடியில் நினைவூட்டுக் குறிப்பு ஒன்று வந்தது.

"சாப்பிட்டியா?"

ஆபீஸிலிருந்து தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிட்டு அவர் இதைக் கேட்பார். எப்போதும் சொல்வதுபோலவே "சாப்பிட்டேன்" என்று தட்டினாள். தவறு என்றது. மணி மூன்றரை.

அதை அழித்துவிட்டு, "இல்ல" என்று தட்டினாள்.

திரை திறந்தது. உள்ளே ஒரு கோப்புகூட இல்லை. வெறும் நீலம்.

எழுந்துபோய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, அந்தத் திரைக்கு எதிரில் உட்கார்ந்தாள்.