நாற்பத்தொரு படங்கள்

"அப்பான்னா இப்படி இருக்கணும்!" என்று டீச்சர் சொன்னதும், ஓவியக் கண்காட்சிக்கு வந்திருந்த பெற்றோர் எல்லாரும் அந்தக் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மற்றக் குழந்தைகள் வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு, மூன்று படங்கள்தான் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவர் மகளின் படங்கள் மட்டும் நாற்பத்தொன்று, சுவர் முழுக்கத் தேதிவாரியாகத் தொங்கின.

"ஒண்ணுகூடத் தொலையலையே! எப்படி சார்?"

மகள் முந்திக்கொண்டாள். "அப்பா ஆபீஸ்ல ரெக்கார்டு ரூம் பாக்குறாங்க மிஸ். நான் எது வரைஞ்சு குடுத்தாலும், 'சூப்பர்டா கண்ணு, பத்திரமா வைக்கிறேன்'னு வாங்கிப்பாங்க."

"எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரே, கல்யாண ஆல்பத்தையே தொலைச்சவரு!" என்றாள் ஒரு அம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

குமாஸ்தா சிரிக்கவில்லை. ஒரு படத்தின் அருகே குனிந்து பார்த்தார். கசக்கி நிமிர்த்திய காகிதம். ஓரத்தில் டீத்தூள் கறை.

மகளைத் தனியே அழைத்தார். "இதெல்லாம் உனக்கு எப்படிம்மா கிடைச்சுது?"

"நீங்க குப்பைக் கூடையில போட்டதும் எடுத்துடுவேன்பா. மெத்தைக்கு அடியில வச்சா சுருக்கம் போயிடும். டீக்கறைதான் போகவே மாட்டேங்குது."

"சார், பொண்ணோட இப்படி வந்து நில்லுங்க, ஒரு போட்டோ!" என்று டீச்சர் கூப்பிட்டார்.

தலை குனிந்தபடி வந்து நின்றவரின் விரலைப் பிடித்துக்கொண்டு மகள் கிசுகிசுத்தாள்: "சிரிங்கப்பா, மிஸ்ஸுக்குத் தெரிஞ்சிடப் போகுது."